நெறி தேடியவர்

வாளியின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் தன் பெயரைப் பார்த்ததும் பத்துமலை அதை மேசைமேல் ஏற்றாமல் தரையிலேயே வைத்துவிட்டார். முத்தம்மா, பத்துமலை மனைவி, வயது நாற்பத்து மூன்று. மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி நீல மையில் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தாள். வாளி இன்றைக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். வராமல் வேறெங்கே போகும்? ஈப்போவில் அந்த ஆஸ்பத்திரி வெட்டி எடுக்கும் சதை எதுவானாலும் டாக்டர் ஸ்கந்தராஜாவின் ஆய்வுக்கூடத்துக்குத்தான் வரும். ஒன்பது வருஷமாக அதை வாங்கி, பார்மலின் ஊற்றி, நம்பர் போட்டு அலமாரியில் அடுக்குவது அவர் வேலை. தெரிந்திருந்தும் மேசைவரை கை அதைத் தூக்கவில்லை.

பழைய ஈப்போவில் ஒரு சீனர் தையல் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஆய்வுக்கூடம். ஆட்கள் மூன்று பேர்தான். டாக்டர், கண்ணாடித் தகடுகளுக்குச் சதையைச் சீவிச் சாயம் ஏற்றும் சீனி, மற்ற எல்லாவற்றுக்கும் பத்துமலை. டாக்டர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். தைப்பிங்கில் பிறந்து வளர்ந்தாலும் பேச்சு மட்டும் அவருடைய அம்மாவின் பேச்சாகவே இருந்தது.

"பத்துமலை, நீர் இதைத் தொட வேண்டாம்," என்றார் டாக்டர்.

"கழுவி மட்டும் வைக்கிறேன் டாக்டர்."

"அதுவும் வேண்டாம். சீனி செய்யட்டும். வெட்டிப் பாக்கிறதை நானே பாக்கிறன். நீர் மனுசியைப் போய்ப் பாரும்."

பத்துமலை கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார். டாக்டர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. கட்டின பெண்டாட்டியின் குடலை எந்த மனிதன் அறுத்துப் பார்ப்பான்?

ஆனால் அந்த வேலையில் ஒரு பகுதி பல வருஷமாக டாக்டருடையதே அல்ல. குடலில் கட்டி வந்து வெட்டி எடுத்தால், கட்டியோடு ஒரு சாண் ஒன்றரைச் சாண் குடலும் அதை ஒட்டிய மஞ்சள் கொழுப்பும் சேர்ந்து வரும். அந்தக் கொழுப்புக்குள்ளே இரத்தக் குழாய்களை ஒட்டி, பயறு அளவிலும் எள் அளவிலும் நெறிகள் ஒளிந்திருக்கும். காலில் முள் குத்தினால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அதே சாதி. கட்டி குடலை விட்டு வெளியே கால் வைத்தால் முதலில் போய்த் தங்குவது அங்கேதான். ஒவ்வொன்றையும் தேடியெடுத்துச் சீவிப் பார்த்தால்தான் நோய் போய்விட்டதா, பரவிவிட்டதா என்று சொல்ல முடியும். கொழுப்பும் வழுவழுப்பு, நெறியும் வழுவழுப்பு. கண்ணுக்குத் தெரியாது. இரண்டு விரலுக்கு நடுவே கொழுப்பை நசுக்கி நசுக்கித்தான் பிடிக்க வேண்டும்.

பத்துமலையின் விரல்கள் சிம்பாங் பூலாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பதினேழு வருஷம் மரம் சீவியவை. பட்டையில் ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரத்தில் காயம் விழும், தோட்டத்துக் கணக்கர் கிராணி வந்து நிற்பார். அந்த மயிரிழைக் கணக்கு விரல் நுனியில் ஏறியிருந்தது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு கூட்டித் துடைக்கிற ஆளாக இங்கே வந்தவர், ஒரு நாள் டாக்டர் முடித்துவிட்டு ஒதுக்கிய கொழுப்பை எடுத்துப்போடும்போது, "இதுல இன்னும் ரெண்டு இருக்கு டாக்டர்," என்றார். இருந்தது. அன்றிலிருந்து நெறி தேடுவது அவர் வேலையாகிவிட்டது.

முத்தம்மா அன்று சாயங்காலம்தான் கண் விழித்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. பத்துமலை பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டார்.

"எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க."

"நீங்க பாத்திங்களா?"

"இல்ல. டாக்டரே பாக்கறேன்னுட்டாரு."

அவள் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள். புந்தோங்கில் கச்சாங் பூத்தே என்கிற கடலைத் தின்பண்டம் பொரிக்கிற வீடுகளில் ஒன்றில் அவளுக்கு வேலை. காளியம்மா என்கிற கெட்டிக்காரி பத்துப் பெண்களை வைத்து நடத்துகிற கொட்டகை. விடிந்ததிலிருந்து பெரிய இரும்புச் சட்டியின் முன்னால் நின்று கடலையும் பட்டாணியும் வறுப்பாள். வெளிக்குப் போகும்போது இரத்தம் போனதை அடுப்புச் சூடு என்று நினைத்து நாலு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. வெந்தயத்தை ஊறவைத்துத் தின்றாள், இளநீர் குடித்தாள். தெலுக் இந்தானிலிருந்து வந்த மகள் மங்களம்தான் அம்மாவின் ரவிக்கை தொளதொளத்துப் போனதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள்.

அறுத்த டாக்டர் ஜெயபாலன் நடைபாதையில் நிறுத்தி வைத்துப் பேசினார். "கட்டி முழுசா வந்துருச்சு. இனிமே நெறிதான் முக்கியம். அதுல இல்லன்னா வீட்டுக்குப் போயி நல்லா சாப்பிட்டா போதும். இருந்தா கோலாலம்பூருக்கு எழுதுவேன். ஒரு ஊசி மருந்து குடுத்துப் பாக்கறாங்க. கேக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

சனிக்கிழமை டாக்டர் ஸ்கந்தராஜா அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஒன்பது வருஷத்தில் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அஞ்சு எடுத்தனான். ஒண்டிலயும் இல்லை. சுத்தம்."

பத்துமலை எழுந்தார். கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் கும்பிட வேண்டாம் என்று கையை ஆட்டினார். சீனி கீழே போய்க் கோப்பி வாங்கி வந்தான். குடித்துவிட்டுப் பாதிப் படி இறங்கியபோதுதான் அந்த எண் காலில் தடுக்கியது. அஞ்சு. அவ்வளவு நீளக் குடலுக்கு அவர் எடுத்தால் பத்துக்குக் குறைந்ததே இல்லை. பதினாலு, பதினைந்துகூட எடுத்திருக்கிறார். மீதி எங்கே?

ஆஸ்பத்திரிக்குப் போனார். "சுத்தம்னு சொல்லிட்டாங்க," என்றார். முத்தம்மா பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்க்காரப் பெண்ணிடம் மலாயில் அதைச் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். மங்களம் கல்லுமலைக் கோயிலுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள். எல்லாருக்கும் நடுவில் பத்துமலை சிரித்துக்கொண்டு நின்றார். வாய் சிரித்தது.

அடுத்த வாரம் முழுவதும் வாளி அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. அவர் மற்ற வேலைகளைச் செய்தார். யாரோ ஒருவரின் பித்தப்பை, யாரோ ஒருவரின் மார்பு. குனிகிறபோதெல்லாம் அந்த நீல எழுத்து கண்ணில் பட்டது. மூன்று தடவை மூடிமேல் கை வைத்து எடுத்தார். வியாழக்கிழமை முத்தம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். கொட்டகைப் பெண்கள் ஆப்பிளும் மைலோ டின்னுமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மங்களம் ஊருக்குத் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுண்ணாம்பு மலைகளை மறைத்துக்கொண்டு மழை இறங்கியது. தகரக் கூரையின்மேல் அடித்த அடியில் பேசுவதற்குக் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. முத்தம்மா வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க, நானும் வந்ததுலருந்து பாக்கறேன். சோத்தப் பெசையறிங்க, வாயில போட மாட்றிங்க. என்னா விஷயம்?"

"ஒன்னும் இல்லலா."

"வேலைல ஏதாச்சும் சூசாவா, தொந்தரவா?"

"வேல நல்லாத்தான் இருக்கு."

"அப்ப என் விஷயந்தான்."

பத்துமலை எழுந்துபோய் ஒழுகுகிற இடத்தில் சட்டியை நகர்த்தி வைத்தார். அது சரியான இடத்தில்தான் இருந்தது.

"டாக்டரு அஞ்சு நெறிதான் எடுத்தாரு," என்றார்.

"அஞ்சும் நல்லாருக்குன்னிங்களே."

"அந்த அஞ்சும் நல்லாத்தான் இருக்கு. நான் எடுத்தா பத்து, பதினாலுன்னு வரும் முத்து. மிச்சம் அந்த வாளிலதான் இருக்கணும்."

"மிச்சத்துல நோவு இருக்குன்றிங்களா?"

"இருக்குன்னு சொல்லல. தெரியலன்னு சொல்றேன்."

அவள் கிள்ளிய நெத்திலியைத் தட்டில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் கிள்ளினாள்.

"நாலு மாசம் நான் தூங்கல. உங்களுக்குத் தெரியாது, நீங்க கொறட்ட விட்டுக்கிட்டு இருந்திங்க. இந்த எட்டு நாளுதான் தூங்கினேன். அது உங்களுக்குப் பொறுக்கலியா?"

"முத்து..."

"தெரியாமத்தான் இருந்துட்டுப் போவட்டுமே. தெரியாம எத்தன பேரு இருக்காங்க. காளியம்மா வயித்துல என்னா இருக்குன்னு காளியம்மாவுக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு எல்லாரையும் ஏசிக்கிட்டுத் திரியுது."

மழை கொஞ்சம் தணிந்தது.

"சரி, என்கிட்ட ஏன் சொன்னிங்க? கைக்கெட்டுற தூரத்துலதானே இருக்கு. நீங்களே தேடிப் பாத்துட்டு, இல்லன்னா வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

"மூனு தரம் மூடியத் தொட்டேன். ஒன்னக் கேக்காம தொறக்க மனசு வரல. ஒன்னோட ஒடம்பு இல்லியா அது?"

முத்தம்மா அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இருந்தா என்னா செய்வாங்க?"

"கோலாலம்பூரு. வாரம் ஒரு ஊசி. வாந்தி வரும், சோறு எறங்காதுங்கறாங்க."

"கேக்குமா?"

"கேக்கலாம். கேக்காமயும் போவலாம். புது மருந்து."

"இல்லன்னு வந்தா?"

"இல்லன்னா நானும் சோறு திம்பேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் இழுத்தது. தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலி அடங்கும்வரை குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"தேடுங்க. மங்களத்துக்கிட்ட மூச்சு விடாதிங்க, புள்ளத்தாச்சி. ஆனா நீங்கதான் தேடணும். அந்தப் பெரிய மனுசன் கைல இன்னொரு தடவ குடுக்காதிங்க."

திங்கட்கிழமை காலை டாக்டர் ஸ்கந்தராஜா உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பத்துமலை மேசைக்கு முன்னால் போய் நின்றார். வாயைத் திறப்பதற்குள் டாக்டர் பேப்பரை மடித்துவிட்டார்.

"அஞ்சு குறைவு எண்டு சொல்ல வந்தனீரோ?"

"குத்தம் சொல்ல வரல டாக்டர்."

"எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்ட பிறகு வீட்ட போய் யோசிச்சனான். இந்த விரலெல்லாம் மரத்துப்போய் ரெண்டு வருசம். உம்மை விலக்கினது உமக்காக எண்டுதான் நினைச்சன். அந்த நேரம் உம்மட கை இல்லாமல் என்னால ஏலாது எண்டது எனக்கு ஞாபகம் வரேல்லை." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீர் கேப்பீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். நானாய்ச் சொல்லியிருக்க வேணும். வெக்கமாய் இருந்தது."

பத்துமலை அலமாரிப் பக்கம் திரும்பினார். "வாளிய எடுக்கட்டுங்களா?" என்றார்.

"எடும். இந்த முறை சும்மா கையால வேண்டாம். மருத்துவம் படிக்கேக்க ஒருக்காச் செய்து பாத்தது ஒண்டு இருக்கு. நாள் எடுக்கும்."

கொழுப்பைத் தகடு தகடாகப் பிரித்து ஸ்பிரிட்டில் போட்டார்கள். ஒவ்வொரு நாளும் பழைய ஸ்பிரிட்டைக் கொட்டிப் புதிதாக ஊற்ற வேண்டும். தண்ணீரெல்லாம் இறங்கிய பிறகு, மூட்டுவலித் தைலத்தின் வாசனை அடிக்கும் ஓர் எண்ணெயில் ஊறவைத்தார்கள். மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, கொழுப்பு கண்ணாடிபோல் ஆகத் தொடங்கியது. பத்து நாள். அந்தப் பத்து நாளும் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. சாயங்காலம் அவர் படியேறும்போது முத்தம்மா முகத்தைப் பார்ப்பாள், அவர் இன்னும் இல்லை என்று தலையை மெல்ல ஆட்டுவார், அவள் போய்ச் சோறு போடுவாள். ஒரு நாள் மட்டும், "உங்க மேல என்னா கோடாலித் தைலம் வாசன?" என்று கேட்டாள். அவர் சொன்னார். அவள் மூக்கைச் சுளித்துவிட்டு, "பார்மலினுக்கு இது தேவலாம்," என்றாள். உட்கார்ந்தே செய்கிற வேலை இருக்கிறதென்று காளியம்மா கூப்பிட்டதால் கொட்டகைக்குப் போய்க் கடலைப் பொட்டலம் கட்ட ஆரம்பித்திருந்தாள். வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

பதினோராம் நாள் காலை டாக்டர் ஜன்னல் கதவுகளை விரியத் திறந்து வைத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்தார். பத்துமலை முதல் தகட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். குழாய்கள் கிளை கிளையாகத் தெரிந்தன. ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. விரலில் உருட்டிப் பார்த்து, கத்திமுனையால் பிரித்தெடுத்தார்.

"ஆறு," என்றார் டாக்டர், முந்தைய ஐந்தோடு சேர்த்து.

அடுத்த தகட்டில் இரண்டு. அதற்கடுத்ததில் ஒன்றுமில்லை, ஆனாலும் அவர் விடாமல் நசுக்கிப் பார்த்தார். எவளோ ஒருத்தியின் கொழுப்பு என்று நினைக்கப் பார்த்தார், முடியவில்லை. முத்தம்மாவுடையது என்று நினைத்தால் விரல் நின்றுவிடுகிறது. கடைசியில் எதையும் நினைக்காமல் எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டார். ஒன்பது. பத்து. பதினொன்று. பெரும் குழாயின் வேர்ப் பக்கத்தில், பாசிப்பயறைவிடச் சிறியதாக ஒன்று கிடைத்தது. மற்றதெல்லாம் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கியது. இது அமுங்கவில்லை.

"பன்னிரண்டு," என்றார் டாக்டர். பத்துமலை கையைக் காட்டாமல் நிற்பதைப் பார்த்துத் தலையை நிமிர்த்தினார். "கையில வச்சிருக்காதையும். வையும்."

வைத்தார்.

சீனி கண்ணாடித் தகடுகளைச் செய்து முடிக்க மூன்று நாள் ஆனது. ஒரு தகட்டை உடைத்துவிட்டு மறுபடியும் செய்தான். நான்காம் நாள் டாக்டர் வெகுநேரம் மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்திருந்தார். பிறகு நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். பத்துமலை குனிந்து பார்த்தார். ஊதா நிறப் பொடியாகச் சீராக இருக்க வேண்டிய இடத்தில், ஒரு மூலையை மட்டும் பிடித்துக்கொண்டு, வளையம் வளையமாக அது உட்கார்ந்திருந்தது. எத்தனையோ பேருடையதில் பார்த்த அதே வளையம்.

"ஒண்டில மட்டும்," என்றார் டாக்டர். "மற்ற ஆறும் சுத்தம். முந்தின அறிக்கை பிழை எண்டு என்ர பேரில எழுதிறன். ஜெயபாலனுக்கு இப்பவே போன் எடுக்கிறன். நீர் போம்."

பகல் பதினொரு மணிக்குத் தன் புருஷன் கொட்டகை வாசலில் வந்து நிற்பதை முத்தம்மா பார்த்தாள். கடலை வறுபடும் சத்தத்தில் யாரும் எதையும் கவனிக்கவில்லை. அவர் பக்கத்தில் வந்து மாவு மூட்டையின்மேல் உட்கார்ந்தார்.

"எத்தன?"

"ஏழு கெடச்சுச்சு. ஒன்னுல இருக்கு."

"ஒன்னு."

"ம்."

"இந்தத் தட்டு முடியட்டும். கட்டிட்டு வாரேன், இருங்க."

தட்டில் நாற்பது ஐம்பது பொட்டலத்துக்கு ஆகிற கடலை கிடந்தது. அளந்து போட்டு, மடித்து, மெழுகுவத்தியில் விளிம்பைக் காட்டி ஒட்டி, ஒவ்வொன்றாக முடித்தாள். அவசரப்படவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. கடைசிப் பொட்டலத்தை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். பத்துமலை பிடித்துத் தூக்கினார். புந்தோங் தெருவில் வீடு வரைக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் தெருவில் அவள் அப்படி நடந்ததில்லை.

கோலாலம்பூருக்குப் போவதும் வருவதும் ஒரு வருஷம் நடந்தது. முதலில் வாரம் ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை. ஊசி அவளைக் கசக்கிப் பிழிந்தது. வாயெல்லாம் புண்ணாகி மோரைத் தவிர எதுவும் இறங்காத நாட்கள் இருந்தன. போதும், என்னை விட்டுவிடுங்கள் என்று இரண்டு தடவை படுத்துக்கொண்டாள். இரண்டு தடவையும் மறுநாள் அவளே எழுந்து புடவை கட்டினாள். மங்களத்துக்குப் பெண் குழந்தை பிறந்தபோது அவளால் தெலுக் இந்தானுக்குப் போக முடியவில்லை. குழந்தையை இங்கே தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்கள். சில வருஷம் கழித்து, எண்பத்தெட்டில், டாக்டர் ஜெயபாலன் அவள் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, இனிமேல் என்னைப் பார்க்க வர வேண்டாம் என்றார். மருந்து கேட்டதா, இல்லை கேட்காமலே அது போய்விட்டதா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. டாக்டர் ஸ்கந்தராஜா அதைக் கேட்க இல்லை. அவர் போய் இரண்டு வருஷமாகியிருந்தது.

இதெல்லாம் பிறகு. அந்த முதல் வருஷத்தில், ஆறாவது ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வருகிற வழியில் பஸ் தாப்பாவில் நின்றது. கேமரன் மலைக்குப் போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு இறங்கினார்கள். முத்தம்மா பீடோரில் வாந்தி எடுத்துவிட்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தாள். பத்துமலை கடையிலிருந்து வெந்நீர் வாங்கி வந்து அவள் வாயைக் கொப்பளிக்க வைத்தார். கொப்பளித்துத் துப்பிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த வாளிய என்னா செஞ்சிங்க?" என்று கேட்டாள்.

வேலை முடிந்த சதையை ஆறு வாரம் வைத்திருந்துவிட்டு எரிப்பது வழக்கம். மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அதற்கென்று செங்கல்லில் ஓர் உலை இருந்தது.

"புதன்கெழம எரிச்சாச்சு."

"யாரு எரிச்சது?"

"நாந்தான். சீனிய அனுப்பறேன்னாரு டாக்டரு. நான் விடல."

"பூராவும் எரிஞ்சிச்சா?"

"எரிஞ்சிச்சு. முடியற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்."

அவள் வெளியே பார்த்தாள். ஒரு கிழவர் கூடையில் கோழியோடு பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார். கண்டக்டர் கோழிக்கும் டிக்கெட் என்று அவரிடம் வம்பு வளர்த்தான்.

"வீட்டுக்கு வந்து தல முழுகினிங்களா?"

பத்துமலைக்கு அது தோன்றவே இல்லை. அன்றைக்கு வந்து என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்த்தார். "இல்ல. கைகால் கழுவிட்டு நீ வச்ச மீன் கொழம்ப ஊத்தித் தின்னேன்."

"அதான் சரி," என்றாள் முத்தம்மா. "முழுகிடாதிங்க. நான் இங்கதானே ஒக்காந்திருக்கேன்."